பூண்டுப் பாத்திக்குப் பக்கத்தில் ஆறு டப்பா கிம்ச்சி

கொரியாவில் ஜெச்சோன் நகரப் பேருந்தில் ஏறி இறங்கியவர்களில் பாதிப் பேருக்கு தோ பியோங்சுவைத் தெரிந்திருக்கும். நிறுத்தம் இல்லாத இடத்தில் கை காட்டினாலும் வண்டியை நிறுத்துகிற டிரைவர் அவர் ஒருவர்தான். இரக்க சுபாவம் என்று ஊர் சொல்லிற்று. அவர் மனைவி யோன்ஹியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

"இரக்கமாவது ஒண்ணாவது! இந்த மனுஷனுக்கு ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா ‘முடியாது’ன்னு சொல்ல வாய் வராது. அவ்வளவுதான்."

அவளுக்குத் தெரியாததா? பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா வைத்த கடற்பாசி சூப் அடிப்பிடித்துவிட்டது. வீடே மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். அதோடு விட்டாரா? இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அவர் மாமியார் வீட்டுக்குப் போன போதெல்லாம், மாப்பிள்ளைக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று சூப்பைக் கொஞ்சம் தீயவிட்டே வைத்தார்கள். மாமியார் கண்ணை மூடுகிற வரைக்கும் பியோங்சு அதைக் குடித்தார்.

அவர் பிறந்தது தான்யாங் பக்கம், மலையடிவாரத்தில். அங்கே திரும்பிய இடமெல்லாம் பூண்டு. பூண்டு வாசனையே வேண்டாமென்றுதான் நகரத்துக்கு வந்து ஸ்டியரிங் பிடித்தார். ஓய்வு பெற்ற மறு வருஷமே ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்தார். நாலு பக்கமும் பழைய பலகை அடித்து முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினார். அதில் என்ன போட்டார் என்கிறீர்கள்? பூண்டுதான். யோன்ஹி சிரித்த சிரிப்பு அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்டது.

பூண்டு என்று வந்துவிட்டால் அக்கா இல்லாமல் நடக்காது. அக்கா கும்சில் இன்னும் தான்யாங்கிலேயே இருக்கிறார். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர், அவரை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவர். அந்த உரிமையை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இலையெல்லாம் சிவந்து உதிர்கிற நாட்களில், விதைப் பூண்டுச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார்.

"நடுறதைக் குரங்குகூட நட்டுடும்டா. பாத்தி தயார் பண்றதுதான் வேலை. அதை உன்னை நம்பி விட்டுற முடியுமா?"

விட முடியாதுதான். உரம் முழுசாக மக்காமல் பாத்தியில் போனால் அதன் சூட்டில் பூண்டு வேர் பொசுங்கிவிடும். மக்கிவிட்டதா என்று மற்றவர்கள் கிளறிப் பார்ப்பார்கள், பிசைந்து பார்ப்பார்கள். அக்கா ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பார். "இன்னும் பத்து நாள் கெடக்கட்டும்" என்றால் பத்து நாள்தான். தான்யாங்கில் பலர் அக்காவை வீடு தேடி வந்து அழைத்துப்போய்த் தங்கள் உரக்குவியலைக் காட்டுவது உண்டு. அப்படிப்பட்ட மூக்கு அது. பியோங்சு பதினாறு வயதில் திருட்டு சிகரெட் பிடித்துவிட்டு, ஆற்றில் முழுகி எழுந்து, பச்சைப் பூண்டை மென்று தின்று வீட்டுக்கு வந்தார். வாசற்படியிலேயே அறை விழுந்தது.

இப்போது கிம்ச்சிக்கு வருவோம், அதாவது கோஸை உப்பும் மிளகாயும் பூண்டும் போட்டுப் புளிக்கவைக்கிற ஊறுகாய்க்கு. குளிர் தொடங்கும்போது அக்கா ஐந்து வீட்டுக்குச் சேர்த்துக் கிம்ச்சி போட்டு அனுப்புவார். தன் மகளுக்கு, இரண்டு தம்பிகளுக்கு, மச்சினருக்கு, மச்சினர் மகனுக்கு. அக்கா கைக் கிம்ச்சி என்றால் குடும்பத்தில் அடிதடி நடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பொல்லாத காய்ச்சல் வந்து போனது. அந்த வருஷம் வந்த கிம்ச்சியில் முதல் துண்டை வாயில் போட்டதும் யோன்ஹி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்புறம் இன்னொரு டம்ளர்.

"உங்கக்கா கிம்ச்சி அனுப்பலைங்க. கடல் தண்ணியை அனுப்பியிருக்காங்க."

அன்று சாயங்காலமே அக்கா ஃபோன் செய்தார். "எப்படிடா இருக்கு?"

பியோங்சுவின் வாயைப் பற்றித்தான் நமக்குத் தெரியுமே. "பிரமாதம் அக்கா! இந்த மாதிரி நீ போட்டதே இல்ல."

ஒரு வகையில் அது உண்மையும்கூட. ஆனால் விளைவு என்ன? தம்பிக்கு இவ்வளவு பிடித்துவிட்டதே என்று அடுத்த வருஷம் இரண்டு பங்கு வந்து இறங்கியது. அதிலும் அதே உப்பு. கழுவிப் பார்த்தார்கள், ஊறவைத்துப் பார்த்தார்கள், சூப்பில் போட்டுப் பார்த்தார்கள், அடையாகத் தட்டிப் பார்த்தார்கள். அடுத்த வரிசைப் பாத்திக்காரர் நம்குங்குக்கு ஒரு டப்பா கொடுத்துப் பார்த்தார்கள். மறு வாரம் அவர் டப்பாவைப் பளபளவென்று கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். "உங்கக்கா நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்றார். அடுத்த டப்பா வருவதற்குள் தன் பாத்திக்குப் போய்விட்டார்.

குப்பையில் கொட்டினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சாப்பாட்டுக் கழிவு போடுகிற தொட்டி எடை பார்க்கும். பார்த்து, ஒரு பெண் குரலில், வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி எத்தனை கிலோ என்று அறிவிக்கும். சொந்த அக்கா கையால் போட்ட கிம்ச்சியைத் தெருவறியக் கொட்டினவன் என்ற பேர் பியோங்சுவுக்கு வேண்டாம். ஆகவே அது கிம்ச்சிக்கென்றே வாங்கின ஃப்ரிட்ஜில், ஆறு பெரிய டப்பாவாக, அப்படியே உட்கார்ந்திருந்தது.

"சொல்லிடுங்களேன்" என்பாள் யோன்ஹி, மாதத்துக்கு நாலு தரம். "உங்க அக்காதானே? ‘உப்பு தூக்கலா இருக்கு அக்கா’ன்னு ஒரு வார்த்தை. அதுக்கா இவ்வளவு பயம்? நானா இருந்தா பட்டுனு சொல்லிடுவேன்."

"நீயே சொல்லேன்."

"நான் இந்த வீட்டுக்கு வந்த மருமக. நான் எப்படிச் சொல்றது?"

இப்படியே இலையுதிர்காலம் வந்துவிட்டது, அக்கா வருகிற நாளும் வந்துவிட்டது. அன்று விடிந்ததும் யோன்ஹி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

"ஏங்க! அண்ணி வந்தா மொதல்ல எதைத் திறந்து பாப்பாங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா செருப்பைக் கழற்றியதும் நேரே கிம்ச்சி ஃப்ரிட்ஜைத்தான் திறப்பார். காலியாக இருந்தால் அவருக்கு முகமெல்லாம் பூக்கும். ஆறு டப்பா தொடாமல் இருப்பதைப் பார்த்தால்? எழுபத்து மூன்று வயது மனுஷி முதுகு வளைத்துக் கோஸ் கழுவிப் போட்டது. பியோங்சு முதல் டப்பாவைத் தூக்கினார்.

பத்தே நிமிஷத்தில் ஆறு டப்பாவும் தள்ளுவண்டியில் ஏறின. தோட்டத்தில் பலகை அடைப்புக்குள் இருந்தது அவருடைய உரக்குவியல். அதைப் பிளந்து கிம்ச்சியைக் கவிழ்த்தார். மேலே நாலு சாக்கு மேப்பிள் சருகு, அதற்கு மேல் தவிடு, அதற்கும் மேல் காபிக் கடையில் கேட்டு வாங்கிய காபித்தூள் சக்கை. உப்பு மண்ணுக்கு எமன் என்று பூண்டுக்காரர் மகனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் திட்டமே வேறு. கடையில் மூட்டை உரம் வாங்கி வைத்திருந்தார். அதைப் பாத்தியில் போட்டுச் சமாளித்துவிட்டு, அக்கா ஊருக்குப் போனதும் இந்தக் குவியலை ஓடைக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கிற கட்டாந்தரையில் தோண்டிப் புதைத்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆறு டப்பா கிம்ச்சியைச் சருகில் மறைத்துவிடலாம் என்று பியோங்சு நம்பினார்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்திலிருந்து நேரே தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"என்னடா, திருடன் மாதிரி முழிக்கிற? இன்னும் பாத்தியைக்கூடக் கொத்தலையா?"

"இப்பத்தான் அக்கா... வா, வா. பஸ்ல கூட்டமா?"

"கூட்டம்தான். ஆனா உங்க ஊர்க்காரங்க மரியாதை தெரிஞ்சவங்கடா. நான் போய் உக்காந்ததும் பக்கத்துல இருந்த பொண்ணு எழுந்திருச்சு, முன் சீட்டுக்காரரும் எழுந்திருச்சுட்டாரு. காலை நீட்டிக்கிட்டு வந்தேன்."

பியோங்சு அக்காவின் காலைப் பார்த்தார். இரண்டு ஷூவிலும் நசுங்கின கிங்கோ பழம் அப்பியிருந்தது. தெருவோர மரத்திலிருந்து விழுகிற அந்தப் பழத்தை மிதித்துவிட்டால் நாற்றத்தில் நாலு நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் நாய்கூட வராது. பஸ் ஏன் காலியாயிற்று என்று அவருக்குப் புரிந்தது. வேறொன்றும் அப்போது தோன்றவில்லை. தன் கவலையே அவருக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு பேருமாக, பூண்டு எடுத்த பிறகு நட்டிருந்த மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாத்தியைக் கொத்தினார்கள். மேல்மண்ணை ஓரத்தில் ஒதுக்கி அடிமண்ணைக் கிளறிவிட்டார்கள். அக்கா குந்தி உட்கார்ந்து கட்டி கட்டியாக உடைத்து, கல்லைப் பொறுக்கி வெளியே வீசினார். வீசின கல்லில் ஒன்று நம்குங்கின் வாளியில் விழுந்து டங்கென்றது.

"கும்சில் அம்மா வந்துட்டாங்க போல!" என்றார் நம்குங் அந்தப் பக்கமிருந்து. அவர் ஏற்கெனவே கழுத்துத் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"என்ன நம்குங், ஜலதோஷமா?"

"ஆமாங்க. இன்னைக்குக் காலைல திடீர்னு வந்துச்சு" என்றார் நம்குங். பியோங்சுவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, உரத்தை எடுடா."

பியோங்சு ஓடிப்போய்க் கடை மூட்டையைத் தூக்கி வந்தார். அக்கா அதைக் காலால் தள்ளினார்.

"எதுக்குடா இது? வருஷம் முழுக்கக் குவியல் போட்டு வச்சிருக்கியே, அது என்ன அழகுக்கா?"

"அது இன்னும் மக்கலைக்கா."

"அதை நான் சொல்றேன். நகரு."

நகராமல் என்ன செய்வது? அக்கா பலகையை உருவினார். மேலே இருந்த சருகை விலக்கிவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டார். பியோங்சு கண்ணை மூடிக்கொண்டார். பத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் வரும் என்று காத்திருந்தார். காற்று இந்தப் பக்கம் திரும்பியது. புளித்த கோஸும் பூண்டும் மீன் சாறும் தவிட்டோடு சேர்ந்து குப்பென்று அடித்ததில் அவர் கண்ணிலேயே நீர் கட்டியது. அந்தப் பக்கம் நம்குங் தும்மினார்.

"இதென்னடா செவப்பா?"

"மேப்பிள் இலைக்கா."

அது எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. அக்கா கையில் இருந்தது கோஸ் இலை. மிளகாய்த்தூள் விலகாமல் ஜம்மென்று இருந்தது. அக்கா அதையும் கூட இருந்த சக்கையையும் சேர்த்து மூக்குக்கு நேரே கொண்டுபோனார். கண்ணை மூடி, எப்போதும் போல நிதானமாக, ஆழமாக மோந்தார்.

"ம். நல்லா மக்கிருச்சு" என்றார். "காட்டு மண் வாசனை வந்துருச்சு. மேப்பிள் சருகு போட்டா இப்படித்தான் வரும். பரவால்ல, இந்த வருஷம் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்க."

தப்பித்தோம்! பியோங்சுவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூக்கை ஏய்த்துவிட்டார். யோன்ஹியிடம் சொன்னால் நம்பவே மாட்டாள். அரை நிமிஷம் இந்தச் சந்தோஷம் இருந்தது. அடுத்த அரை நிமிஷத்தில் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்த மூக்கை யாராவது ஏய்க்க முடியுமா?

அவர் அக்காவின் ஷூவைப் பார்த்தார். காலியான பஸ்ஸை நினைத்தார். போன கோடையில் தான்யாங் போனபோது அடுப்பில் பாத்திரம் கருகிப் புகை கூடம் வரை வந்ததும், பக்கத்து அறையில் அக்கா நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஃபோன் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் அக்கா எந்தக் காலத்தில் "எப்படி இருக்கு" என்று கேட்டிருக்கிறார்? "இந்த வருஷம் நல்லா அமைஞ்சிருக்கு, சாப்பிடு" என்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டார். மறு வருஷமும் கேட்டார். ருசி தெரியாததால் கேட்டிருக்கிறார். தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல வெட்கமாக இருந்தது.

இதற்குள் அக்கா மண்வெட்டியால் ஒரு வாரு வாரிவிட்டார். பாத்திக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டார். விதைப் பூண்டுச் சரம் பாத்தி ஓரத்தில் இருந்தது. தன் விளைச்சலிலேயே பெரிது பெரிதாகப் பொறுக்கி, இவருக்கென்று கட்டிக்கொண்டு வந்தது. இந்த உப்பில் விழுந்தால் அதில் ஒன்றுகூடத் தேறாது.

"நிறுத்து!"

தோட்டமே திரும்பிப் பார்த்தது. பியோங்சு அந்தக் குரலில் யாரிடமும் பேசினதில்லை. நாற்சந்தியில் குறுக்கே வந்த லாரிக்காரனிடம்கூட இல்லை.

"என்னடா?"

"போடாத அக்கா. அது மேப்பிள் இலை இல்ல."

"பின்ன?"

"உன் கிம்ச்சி."

அக்கா மண்வெட்டியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் கிம்ச்சி எதுக்குடா இங்க இருக்கு?"

"உப்புக்கா. வாயில வைக்க முடியல. ரெண்டு வருஷமாவே முடியல." ஆரம்பித்துவிட்டதால் அவரால் நிறுத்த முடியவில்லை. "இன்னைக்குக் காலைலதான் கொட்டினேன். நாறுது அக்கா. கண்ணு எரியுது. நம்குங்குக்கு ஜலதோஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. உன் ஷூகூட நாறுது. பஸ்ல மரியாதைக்கு யாரும் எழுந்திருக்கல."

நம்குங் தன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வேகமாக நடந்துவிட்டார். அவருடைய வாளியில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தது.

அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். பாத்திப் பலகை மேல் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்தக் காய்ச்சலோட போச்சுடா" என்றார். "மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. வந்துரும் வந்துரும்னு இருந்தேன். ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லல. உரம் பாக்கக் கூப்புடுறாங்கல்ல, போய் மோந்து பாத்து, நெறத்தை வச்சு ஏதோ ஒண்ணு சொல்லிட்டு வந்துருவேன். கிம்ச்சிக்குக் கை அளவு தெரியும்னு தைரியமா போட்டேன். ஆனா போடும்போதே சந்தேகம். பத்தலையோன்னு இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை."

"ஏன்க்கா எங்ககிட்டயாவது சொல்லல?"

"சொன்னா என்ன சொல்வீங்க? ‘நீ சும்மா இரு அக்கா, கடையில வாங்கிக்கிறோம்’பீங்க. அப்புறம் நான் எதுக்குடா?"

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். கண்ணில் பழைய பொறி வந்திருந்தது.

"இரு. நீ மட்டும்தான் பொய் சொன்னியா, எல்லாருமா?"

"அக்கா, வேண்டாம்..."

அதற்குள் ஃபோன் வெளியே வந்துவிட்டது. ஸ்பீக்கரும் போட்டாயிற்று. முதலில் சியோலில் இருக்கும் மகள் சுல்கி.

"ஏம்மா, போன வருஷக் கிம்ச்சி தீந்துருச்சா?"

"எப்பவோ தீந்துருச்சும்மா! உன் மாப்பிள்ளை தினமும் கேட்டுக் கேட்டுத் தின்னாரு. ஆனா இந்த வருஷம் நீ சிரமப்படாத, கொஞ்சமா அனுப்பு. ரொம்பக் கொஞ்சமா. ஒரு சின்ன டப்பா போதும்."

அடுத்தது தேஜோனில் இருக்கும் இரண்டாவது தம்பி. தேவாலயத்தில் மூப்பர், பொய்யே பேசாதவர் என்று குடும்பத்தில் பேர்.

"அக்கா, உன் கிம்ச்சியை ஜெபம் பண்ணாம நான் தொடுறதே இல்ல!"

"ஜெபம் பண்ணாம அதை எப்படிடா தொட முடியும்" என்று முணுமுணுத்தபடி அக்கா வைத்துவிட்டார்.

மூன்றாவது அழைப்பு யாருக்கு என்று பார்த்ததும் பியோங்சு இரண்டு கையையும் ஆட்டினார். பயனில்லை.

"அண்ணி!" தேன் ஒழுகியது யோன்ஹியின் குரலில். "வந்துட்டீங்களா? கிம்ச்சியா? அதை ஏன் கேக்குறீங்க, போன வாரமே காலி! உங்க தம்பி கடைசி டப்பாவை வழிச்சு நக்கிட்டாரு. நான்தான் போதும்னு பிடுங்கி வச்சேன்."

"அப்படியா கண்ணு? இப்ப அந்தக் கிம்ச்சியைத்தான் மண்வெட்டில வாரிக்கிட்டு இருக்கேன்."

மறுமுனையில் ஏதோ மூடி விழுந்து உருண்டது. பிறகு, "அண்ணி, அடுப்புல ஏதோ தீயுது, அப்புறம் பேசறேன்" என்று குரல் வந்தது.

"நல்லவேளை, உனக்காவது மோப்பம் இருக்கே!" என்றார் அக்கா, அணைந்துபோன ஃபோனைப் பார்த்து. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பலகையைப் பிடித்துக்கொண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பியோங்சுவும் சிரித்தார். குழாயடியிலிருந்து நம்குங்கும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அக்காவின் கண்ணிலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தது. புறங்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் உரமாயிற்று.

"அஞ்சு வீடு. ஒருத்தருக்காவது வாய் வரக் கூடாதா? நான் கேட்டேனேடா."

"தப்புதான் அக்கா."

"தப்புதான்" என்றார் அக்கா. "எந்திரி. இந்த வருஷம் கிம்ச்சி போட நீ வர. கோஸ் கழுவறது, பிழியறது, மசாலா பூசறது எல்லாம் நீ. ஒவ்வொரு பிடி உப்புக்கும் வாயில போட்டுப் பாத்து என்கிட்டச் சொல்ற. பொய் சொன்னேன்னு வை, அந்த ஜாடிக்குள்ளயே உன்னைப் போட்டு மூடிருவேன்."

"முடியாதுக்கா, எனக்கு முதுகு..."

"பாரு! இப்ப நல்லா வருது வாய்!"

கிம்ச்சிக் குவியல் முழுசும் தள்ளுவண்டியில் ஏறிற்று. பியோங்சு நாலு நடை தள்ளிப்போய் ஓடைக்கு அந்தப் பக்கக் கட்டாந்தரையில் குழி வெட்டி மூடினார். அக்கா ஒரு நடைகூடப் போகவில்லை. பலகை மேல் உட்கார்ந்து, குழி ஆழம் போதாது என்று இங்கிருந்தே கத்தினார். திரும்பி வந்தபோது பாத்தி வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. கடை மூட்டையை அக்கா மறுபடியும் ஒரு உதை விட்டார். நம்குங் பெரிய மனது பண்ணித் தன் குவியலிலிருந்து இரண்டு கூடை அள்ளிக்கொள்ளச் சொன்னார்.

கூடை வந்து இறங்கியதும் அக்காவின் கை தானாக உள்ளே போனது. ஒரு கை அள்ளியது. பாதி தூரம் தூக்கியது. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கை மெல்லத் திரும்பிப் பியோங்சுவின் மூக்குக்குக் கீழே வந்தது.

"சொல்லு."

பியோங்சு மோந்தார். "நல்லா இருக்குக்கா."

"எரு நல்லா இருக்கா, தின்னவா போற? என்ன வாசனைன்னு சொல்லு."

"மண்ணு மாதிரி இருக்கு."

"மண்ணுல கிடந்தது மண்ணு மாதிரி இல்லாம மாடு மாதிரியா இருக்கும்? ஒழுங்கா மோந்து பாத்துச் சொல்லுடா!"

அவர் மறுபடி குனிந்தார். அக்காவின் உள்ளங்கையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து, அவசரமில்லாமல் இழுத்தார். அந்த மாதிரி அவர் எதையும் மோந்து பார்த்ததில்லை. எங்கேயோ தெரிந்த வாசனை, பேர்தான் அகப்படவில்லை. அக்கா கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"பாத்திலேர்ந்து பிடுங்கின முள்ளங்கிய" என்றார் பியோங்சு, தயங்கித் தயங்கி. "கழுவாம, சும்மா சட்டைல துடைச்சுட்டுக் கடிச்சா... மொதக் கடில ஒரு வாசனை வருமே. அதுக்கா."

அக்காவின் வாய் ஒரு தரம் மெல்ல அசைந்தது. எதையோ கடித்துப் பார்ப்பது போல இருந்தது.

"காரமா, இனிப்பா?"

"இனிப்பு. கடைசில கொஞ்சூண்டு காரம்."

"மூக்குல குத்துதா?"

"குத்தல."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு தலையை ஆட்டினார்.

"அப்ப மக்கிருச்சு. கொட்டு."